ஒரு சதவீத ஏற்றம் யாருக்காக?

டிரெட்மில்லில் ஓடுபவர்களிடையே ஒரு சடங்கு உண்டு. மேலே ஏறி நின்று வேகத்தைத் தட்டிவிட்டதும், அடுத்த வேலையாக ‘இன்க்ளைன்’ பொத்தானை அழுத்தி ஏற்றத்தை 1 என்று வைப்பார்கள். ஏன் என்று கேட்டால், “அப்பதான் வெளியில ரோட்டுல ஓடுற மாதிரி இருக்கும்” என்று பதில் வரும். ஜிம் ட்ரெயினர்கள் இதைச் சொல்கிறார்கள், ஓட்டப் பயிற்சிப் புத்தகங்கள் சொல்கின்றன, மராத்தானுக்குத் தயாராகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தட்டையாக வைத்து ஓடுவது ஏதோ ஏமாற்று வேலை என்ற குற்ற உணர்வுகூடச் சிலருக்கு உண்டு. இந்த ‘1’ எங்கிருந்து வந்தது, அது உண்மைதானா, உண்மையென்றால் யாருக்கு உண்மை என்று துருவிப் பார்த்தால் சுவாரசியமான ஒரு விஷயம் தெரிகிறது. அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது வேகமாக ஓடுகிறவர்களின் அளவுக்குத் தைத்த சட்டை. மணிக்கு 8, 9 கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்க ஓடுகிறவருக்கு அது தொளதொளவென்றுதான் இருக்கும். அவருக்குத் தட்டையான டிரெட்மில்லே தட்டையான சாலைக்குச் சமம்.

முதலில் அந்த 1 என்பது என்ன? பலர் அதை 1 டிகிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது சதவீதம். 100 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே போயிருப்போம், அவ்வளவுதான். ரயில் பாதையோரக் குட்டைக் கம்பங்களில் சாய்வு எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். அதில் 100 என்று இருந்தால் நூற்றுக்கு ஒன்று, இதே ஏற்றம். கோணமாகச் சொன்னால் 0.57 டிகிரி. அப்படி ஒரு தெருவைக் காட்டினால் சமதரை என்றுதான் நாம் சத்தியம் செய்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் மலை ரயில், கல்லாறு தாண்டியதும் பல்சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறதே, அந்தப் பாதையில் மிகச் செங்குத்தான இடங்களிலேயே ஏற்றம் சுமார் 8 சதவீதம்தான். ஜிம்மில் இருக்கும் டிரெட்மில்கள் பலவும் 15 சதவீதம் வரை போகும். ஆக, பொத்தானில் இருக்கும் எண்கள் சின்னதாகத் தெரிந்தாலும் 1க்கும் 8க்கும் நடுவில் இருப்பது ஒரு தெருவுக்கும் ஒரு மலைக்கும் உள்ள தூரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்குகள் எளிதாகப் புரியும்.

இந்த 1 பிறந்ததற்குக் காரணம் காற்று. சாலையில் ஓடும்போது, இலை அசையாத நாளில்கூட, நாம் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் போகிறோம். மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடினால் முகத்தில் 10 கிலோமீட்டர் வேகக் காற்று. ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் உள்ளங்கையைத் தள்ளுவதும் இதே காற்றுதான். டிரெட்மில்லில் ஓடுகிறவர் அறைக்குள் இருந்த இடத்திலேயே இருக்கிறார், எதிர்க்காற்றே இல்லை. அப்படியானால் காற்றைத் தள்ளச் செலவாகியிருக்க வேண்டிய சக்தி மிச்சமாகிறது. எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. இதைக் கவனமாக அளந்தவர்களில் முக்கியமானவர் கிரிஃபித் ப்யூ. 1953இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட பிரிட்டிஷ் குழுவோடு போன உடலியங்கியல் அறிஞர் இவர். கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ சிட்டியில் 1968 ஒலிம்பிக் நடக்கவிருந்தபோது, மெல்லிய காற்று ஓட்டக்காரர்களை என்ன செய்யும் என்று ஆராய்ந்தவர்களிலும் இவர் ஒருவர். ஓடுகிறவர்களைக் காற்று வீசும் அறைக்குள் டிரெட்மில்லில் ஓடவிட்டு, காற்றின் வேகத்தை மாற்றி மாற்றி அவர்கள் இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார். நடுத்தூர ஓட்ட வேகத்தில், அதாவது நொடிக்கு 6 மீட்டரில், மொத்தச் சக்தியில் சுமார் 7.5 சதவீதம் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது என்று 1971இல் எழுதினார். இன்னொருவருக்கு 1 மீட்டர் பின்னால் ஒட்டி ஓடினால் ஆக்சிஜன் தேவை 6.5 சதவீதம் குறைகிறது என்பதும் அவர் கண்டதே. 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மராத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடி முடித்தபோது, அவரைச் சுற்றிலும் துணை ஓட்டக்காரர்கள் அணிவகுத்து ஓடினார்களே, அந்த அணிவகுப்பின் பின்னால் இருந்ததும் இந்தக் காற்றுக் கணக்குதான்.

காற்றுக்குப் பதிலாக ஏற்றத்தை வைத்து ஈடுகட்டலாமா என்று நேரடியாகச் சோதித்தவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜொனதன் டௌஸ்ட் இருவரும். 1996இல் வெளியான அவர்களுடைய ஆய்வுதான் இன்று ஜிம்களில் உலவும் ‘1’க்கு மூல ஆதாரம். நன்கு பயிற்சி பெற்ற, டிரெட்மில் பழகிய ஆண் ஓட்டக்காரர்கள் 9 பேர். மணிக்கு 10.5, 12, 13.5, 15, 16.5, 18 கிலோமீட்டர் என்று ஆறு வேகங்கள். ஒவ்வொரு வேகத்திலும் 6 நிமிடம் ஓட்டம், 6 நிமிடம் ஓய்வு. இதையே டிரெட்மில்லில் 0, 1, 2, 3 சதவீத ஏற்றங்களிலும், வெளியே மேடு பள்ளமில்லாத ஒரு சாலையிலும் செய்ய வைத்து, கடைசி 2 நிமிடங்களில் அவர்கள் விட்ட மூச்சைப் பிடித்துச் சோதித்தார்கள். முடிவு: நடு வேகங்களில் தட்டையான டிரெட்மில் சாலையைவிடச் சற்று மலிவாக இருந்தது, 1 சதவீதத்தில் வைத்தபோது இரண்டும் ஒத்துப்போயின. மணிக்கு 18 கிலோமீட்டரில் சாலையின் செலவு 1க்கும் 2க்கும் இடையில் விழுந்தது. ஆய்வின் தலைப்பிலேயே ‘1 சதவீதம்’ என்று இருந்தது. தலைப்புக்கு எப்போதுமே கால் உண்டு. அது நடந்து ஜிம்முக்கு வந்துவிட்டது. உள்ளே எழுதியிருந்தவை வரவில்லை.

உள்ளே என்ன எழுதியிருந்தது? கீழிருக்கும் இரண்டு வேகங்களில், அதாவது 10.5லும் 12லும், சாலை ஓட்டத்துக்கும் 0 சதவீத டிரெட்மில்லுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. 1 சதவீதத்தோடும் வித்தியாசம் இல்லை. இரண்டில் எதை வைத்தாலும் ஒன்றுதான் என்று அந்த ஆய்வே சொல்கிறது. இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மணிக்கு 12 கிலோமீட்டர் என்பது கிலோமீட்டருக்கு 5 நிமிடம். அந்த வேகத்தில் முழு மராத்தானையும் ஓடினால் மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிம்மில் காலை ஆறு மணிக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் இந்த வேகத்தைத் தொடுகிறார்கள்? ஆய்வின் மிக மெதுவான வேகமே நம்மில் பலருக்கு மூச்சு முட்டும் வேகம். அதற்கும் கீழே, 7, 8, 9 கிலோமீட்டரில் என்ன நடக்கும் என்பதை அவர்கள் சோதிக்கவே இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

சோதிக்காவிட்டாலும் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் எதிர்ப்பு கால்வாசியாகிவிடும். ஆனால் ஒரு மீட்டர் தூரம் ஓட உடலுக்கு ஆகும் செலவு, வேகம் கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய அதேதான். ஆகவே மொத்தச் செலவில் காற்றின் பங்கும் வேகத்தின் வர்க்கமாகவே ஏறி இறங்கும். ஏற்றத்தின் கதை வேறு. 1 சதவீத ஏற்றம் என்றால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடலை 1 மீட்டர் தூக்க வேண்டும். வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் அதே 1 மீட்டர். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பின் பரவலாகப் புழங்கும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 1 சதவீத ஏற்றம் எந்த வேகத்திலும் செலவைச் சுமார் 4 சதவீதம் கூட்டுகிறது. ஒன்று வேகத்தோடு எகிறுகிறது, மற்றது அசையாமல் இருக்கிறது. இவ்விரண்டும் ஏதோ ஒரு வேகத்தில்தான் சந்திக்க முடியும். ப்யூவின் 7.5 சதவீதத்தை வைத்துக் கீழிறங்கி வந்தால், மணிக்கு 15 கிலோமீட்டரில் காற்றின் பங்கு சுமார் 3.6 சதவீதம், ஏற்றம் 1 போட்டால் கிட்டத்தட்டச் சரி. 18 கிலோமீட்டரில் 5.2, ஏற்றம் 1ஐத் தாண்ட வேண்டும். ஜோன்ஸும் டௌஸ்டும் சாலையில் கண்டதும் இதுவேதான் என்பது அழகான பொருத்தம். இனி 9 கிலோமீட்டருக்கு வாருங்கள். காற்றின் பங்கு 1.3 சதவீதம். அதை ஈடுகட்ட வேண்டிய ஏற்றம் 0.3. பல இயந்திரங்களில் ஏற்றம் அரை அரையாகத்தான் கூடும். நமக்கு வேண்டிய அளவுக்குப் பொத்தானே இல்லை.

ப்யூவின் எண்ணை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் எழுந்து நிற்கலாம். உண்மைதான். 1980இல் சி. டி. எம். டேவிஸ் என்பவர் காற்றறைச் சோதனைகளிலிருந்து, அமைதியான நாளில் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்றின் பங்கு 4 சதவீதம், மராத்தான் வீரரின் 5 மீட்டர் வேகத்தில் 2 சதவீதம் என்றுதான் கணக்கிட்டார். ஏறத்தாழ பாதி. ஆனால் இந்தக் கருத்து வேறுபாடு என் வாதத்தைப் பலவீனமாக்கவில்லை, பலப்படுத்துகிறது. டேவிஸ் சொல்வது சரியென்றால், மணிக்கு 9 கிலோமீட்டரில் காற்றின் பங்கு வெறும் அரை சதவீதம். அதற்காக 4 சதவீதச் சுமையை ஏற்றிக்கொள்வது, அரைப் படி அரிசிக்கு நாலு படி விலை கொடுப்பது போல. இரண்டு அறிஞர்களில் காற்றுக்கு அதிக மதிப்புக் கொடுத்தவரை எடுத்துக்கொண்டாலும் மெதுவாக ஓடுகிறவருக்கு 1 அதிகம். குறைவாக மதித்தவரை எடுத்துக்கொண்டால் மிக அதிகம்.

காற்றை விட்டுவிடுங்கள், டிரெட்மில்லில் பெல்ட்டே காலைப் பின்னால் இழுத்துக்கொடுக்கிறது, நாம் வெறுமனே தூக்கித் தூக்கி வைத்தால் போதும், அந்தச் சலுகைக்காகவாவது ஏற்றம் வேண்டாமா என்பது அடுத்த வாதம். இது பலமாக வேரூன்றிய நம்பிக்கை. பார்வைக்குச் சரியாகவும் தோன்றும். ஆனால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் எஞ்சின் இருக்கும் பக்கமாக நடந்து பாருங்கள். தரை மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடுகிறது; நடப்பவருக்கு அது கூடுதல் உழைப்பும் தருவதில்லை, சலுகையும் தருவதில்லை. கால் அறிவது தனக்கும் தரைக்கும் உள்ள வேகத்தை மட்டுமே. சீராக நகரும் பெல்ட்டில் ஓடுவதற்கும் அசையாத தரையில் ஓடுவதற்கும் இயக்கவியலில் வித்தியாசம் இல்லை என்று நெதர்லாந்தின் வான் இங்கன் ஸ்கெனாவ் 1980இலேயே விளக்கிவிட்டார். (பின்னாளில் பனிச்சறுக்கு வீரர்களுக்குக் குதிகால் பகுதி பிரிந்து எழும் ‘கிளாப்’ சறுக்குக் காலணியை உருவாக்கித் தந்தவரும் இவரே.) ஏற்றத்துக்கும் இது பொருந்தும். இருந்த இடத்திலேயே நிற்கிறோமே, உண்மையில் எதை ஏறினோம் என்று கேட்பவர்கள், கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் மேலே ஏறிப் பார்க்கலாம். பாதிப் படியில் நின்றுகொண்டே வியர்த்துவிடும். ஸ்கெனாவின் கூற்றில் ‘சீராக’ என்ற சொல் மட்டும் முக்கியம். மோட்டார் பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு முறை பாதம் விழும்போதும் பெல்ட் சற்றுத் தயங்கும். அங்கே விதி கொஞ்சம் தடுமாறும். அதற்கு மருந்து நல்ல மோட்டார், ஏற்றம் இல்லை. சாலை ஓட்டத்தையும் டிரெட்மில் ஓட்டத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வறிக்கை ஒன்றும், ஓடும் பாங்கு பெரும்பாலும் ஒத்திருப்பதாகவே சொன்னது. டிரெட்மில்லில் பாதம் சற்றுத் தட்டையாக இறங்குகிறது, உடல் மேலும் கீழும் குதிப்பது கொஞ்சம் குறைகிறது. பெரிய வித்தியாசங்கள் இந்த வகைதான்.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும், “எனக்கு வெளியே ஓடினால்தான் கஷ்டமாக இருக்கிறது” என்று சிலர் சொல்வார்கள். வேறு சிலர் நேர்மாறாக, டிரெட்மில்தான் உயிரை எடுக்கிறது என்பார்கள். இருவர் சொல்வதும் பொய்யில்லை. காற்று இல்லாததால் டிரெட்மில்லில் ஆக்சிஜன் செலவு கொஞ்சம் குறைகிறது என்றால், அதே காற்று இல்லாததால் வியர்வை உலராமல் உடல் சூடேறுகிறது. சருமத்தைக் குளிர்விக்க ரத்தம் அங்கே திரும்ப, இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டுகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில், ஏசி இல்லாத அறையில், அரை மணி ஓடினால் பெல்ட் நனைந்துவிடும். கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு 165ஐக் காட்டியதும், ஏற்றம் 1 வைத்ததன் பலன் என்று மகிழ்ந்துவிடக் கூடாது; அதில் பாதி வெப்பத்தின் வேலையாக இருக்கலாம். வெளியை உள்ளே கொண்டுவர ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால், முகத்துக்கு நேரே ஒரு நல்ல மின்விசிறியை வாங்கச் சொல்வேன். கண்ணுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மரமும் வீடும் பின்னால் போகாத இடத்தில் வேகத்தை மூளை தவறாக மதிப்பிடுகிறது. சாலையில் ஓடிய அதே வேகத்தை டிரெட்மில்லில் உணர்வை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஓட்டக்காரர்கள் கணிசமாக மெதுவான வேகத்தில்தான் வைக்கிறார்கள் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு அந்த மெதுவான வேகமே சாலை வேகம்போலத் தோன்றுகிறது.

இவையெல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இறக்கம். வெளியே தரை தட்டையாக இல்லையே, மேம்பாலம் வரும், மேடு வரும், அதற்காகவாவது 1 இருக்கட்டும் என்ற வாதத்தில் ஒரு பாதி மறைந்திருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே திரும்புகிறவர் ஏறிய அளவு இறங்கியும் ஆக வேண்டும். டிரெட்மில்லில் 1 வைத்து 10 கிலோமீட்டர் ஓடுகிறவர் 100 மீட்டர் ஏறியிருக்கிறார். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். உச்சிப்பிள்ளையாரையும் தாண்டி மேலே போனவர் அங்கிருந்து இறங்கவே இல்லை! இது எந்தச் சாலையின் நகல்? இத்தாலியரான மினெட்டியும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மலையோட்டக்காரர்களை மிகச் செங்குத்தான ஏற்ற இறக்கங்களில் ஓடவிட்டு அளந்தார்கள். 20 சதவீத இறக்கத்தில் ஓட்டத்தின் செலவு சமதரையில் ஆவதில் பாதியாகக் குறைந்தது. செலவு குறைகிறதே தவிர அடி குறைவதில்லை. 9 டிகிரி இறக்கத்தில் பாதம் தரையில் மோதும் முதல் அதிர்ச்சி சமதரையைவிட 54 சதவீதம் அதிகம் என்று 2005இல் இன்னொரு ஆய்வு அளந்து காட்டியது. அதே கோணத்தில் ஏறும்போது அந்த முதல் அதிர்ச்சி மறைந்தே போனது. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே பிரேக் போடுகின்றன. மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிக்க வைப்பது இதுதான். பாஸ்டன் மராத்தான் இதற்குப் பேர்போனது. தொடக்கக் கிலோமீட்டர்களெல்லாம் இதமான இறக்கம். தொடைகள் அங்கேயே நைந்துபோய், பின்பாதியில் நியூட்டன் மேடுகள் வரும்போது ஓடுகிறவர்கள் உடைந்துபோகிறார்கள். தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம் மிகத் தாழ்வாக இருப்பதால் அந்தப் பாதையில் ஓடிய நேரம் உலகச் சாதனையாக ஏற்கப்படுவதில்லை. 2011இல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2 மணி 3 நிமிடம் 2 நொடியில் ஓடியும் சாதனைப் பட்டியலில் ஏறாதது அதனால்தான். அப்படி ஒரு பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கு டிரெட்மில்லின் 1 என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சில இயந்திரங்களில் 3 சதவீதம் வரை இறக்கம் வைக்கும் வசதி உண்டு. மற்றபடி அவர் வெளியே போய் ஒரு மேட்டிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும்.

அப்படியென்றால் ஏற்றப் பொத்தான் வீணா? இல்லவே இல்லை; டிரெட்மில்லில் இருப்பதிலேயே பயனுள்ள பொத்தான் அதுதான். நாம் அதைத் தவறான வேலைக்கு வைத்திருக்கிறோம், அவ்வளவே. இந்த இயந்திரத்தின் முன்னோடியே ஏற்றத்துக்காகப் பிறந்தது. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் இங்கிலாந்துச் சிறைகளுக்காக உருவாக்கிய மிதிசக்கரத்தில், கைதிகள் மணிக்கணக்கில் முடிவே இல்லாத படிகளை ஏறிக்கொண்டிருந்தார்கள். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கின் அண்ணன் என்று அதைச் சொல்லலாம். பிறகு 1963இல் அமெரிக்காவின் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் வகுத்த சோதனைமுறை, நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ‘டிஎம்டி’ என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்ததாகிவிட்டது. அது தொடங்குவதே 10 சதவீத ஏற்றத்தில். வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் சேர்ந்து கூடும்: 12, 14 என்று. நோயாளியை ஓடவைக்காமல் அவர் இதயத்தை மட்டும் ஓடவைக்க, ஏற்றத்தைவிடச் சிறந்த கருவி இல்லை என்று புரூஸுக்குத் தெரிந்திருந்தது.

ஜிம்முக்கும் இதே உத்தி பொருந்தும். சில வருடங்களாக இணையத்தில் பிரபலமாகியிருக்கும் ‘12-3-30’ என்ற பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 சதவீத ஏற்றம், மணிக்கு 3 மைல், அதாவது 4.8 கிலோமீட்டர் நடை, 30 நிமிடம். முன்பு சொன்ன அமைப்பின் சூத்திரத்தில் போட்டால், இது தட்டையில் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமமான ஆக்சிஜனைக் கேட்கிறது. அரை மணியில் 288 மீட்டர் ஏற்றம். மலைக்கோட்டை மூன்றரை முறை. ஓட்டத்தில் பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி இதில் கிட்டத்தட்ட இல்லை. ஓடவும் இதையே பயன்படுத்தலாம். மணிக்கு 10 கிலோமீட்டரில் 5 சதவீதம் வைத்தால் உடலுக்கு அது 12 கிலோமீட்டரைத் தாண்டிய உழைப்பு. கால்கள் மட்டும் 10இல்தான் ஓடுகின்றன. விலை என்னவென்றால் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணும் அதிகமாக இழுபடும். அதனால் ஒரேயடியாக 8, 10 என்று போகாமல் வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வரக் கூடாது. இதில் அடிக்கடி நடக்கும் கேலிக்கூத்து, ஏற்றத்தை 12இல் வைத்துவிட்டு முன்கம்பியைப் பிடித்துத் தொங்குவது. கம்பியைப் பிடித்ததும் உடல் பின்னால் சாய்ந்து பெல்ட்டுக்குச் செங்குத்தாகிவிடுகிறது. கால்களைப் பொறுத்தவரை ஏற்றத்தில் பெரும்பங்கு காணாமல் போய்விடுகிறது. எரித்த கலோரி என்று திரை காட்டும் எண்ணுக்கு, நாம் தொங்கிக்கொண்டிருந்த விஷயம் தெரியாது.

சரி, 1 வைப்பதால் கெட்டதுதான் என்ன, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்டால், கெட்டது ஒன்றுமில்லை என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 0.57 டிகிரியால் யாருடைய முழங்காலும் பாழாகாது. கிலோமீட்டருக்கு நாலரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடுகிறவர்கள், பந்தய வேகத்தை டிரெட்மில்லில் பழகுகிறவர்கள், கட்டாயம் 1 வைக்கட்டும். அவர்களுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு அது. மற்றவர்கள் 9 கிலோமீட்டரில் 1 வைத்தால், தட்டையில் 9.4இல் ஓடும் உழைப்பைத் தருகிறார்கள், நல்ல உடற்பயிற்சிதான். அதைச் சாலைக்குச் சமம் என்று எண்ணிக்கொள்ளும்போதுதான் கணக்கு உதைக்கிறது. டிரெட்மில்லில் ஓடிய நேரத்தை வைத்துப் பந்தய நேரத்தைக் கணிக்கிறவருக்கு அந்த 4 சதவீதம், ஒரு மணி நேர ஓட்டத்தில் இரண்டரை நிமிடம்.

ஆனால் அந்தக் கணிப்பை அதைவிட அதிகமாகக் கெடுப்பது ஏற்றமும் இல்லை, காற்றும் இல்லை. திரையில் தெரியும் வேகம் உண்மையான வேகமா என்று பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. வீட்டில் டிரெட்மில் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை இதைச் செய்து பாருங்கள். பெல்ட்டின் முழுச் சுற்றளவை டேப்பால் அளந்து, ஓரத்தில் வெள்ளை ஒட்டுநாடா ஒன்றை அடையாளமாக ஒட்டுங்கள். நீங்கள் 9 கிலோமீட்டரில் ஓடும்போது, ஒரு நிமிடத்தில் அந்த அடையாளம் எத்தனை முறை வருகிறது என்று வீட்டில் யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். ஆள் ஓடும்போதுதான் எண்ண வேண்டும். வெறும் பெல்ட் எப்போதும் ஒழுங்காகச் சுற்றும். பெல்ட் 3 மீட்டர் என்றால் 50 முறை வர வேண்டும். 46 முறைதான் வந்தது என்றால் நீங்கள் ஓடுவது 9 இல்லை, 8.3. அந்த ஒரு பிழையே 1 சதவீத ஏற்றத்தின் மதிப்பைப்போல இரண்டு மடங்கு.